உள்ளே மாட்டிய வளையம்

அர்த்தநாரி சிஷ்யனாகச் சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு நாற்பத்து மூன்று.

உடுமலையிலிருந்து அணைக்குப் போகும் சாலையில், ஊர் முடிந்து வெகுதூரம் தள்ளி, ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. மண் தள்ளும் வண்டிகளுக்கு அங்கே வைத்தியம் பார்க்கிறவர் சுகந்தாமணி. எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. வண்டிக்கு என்ன கோளாறு என்று கேட்டுக்கொண்டு தினமும் நாலு பேர் வருவார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டு யாரும் வருவதில்லை. மேஸ்திரி அதைப் பற்றி எவரிடமும் குறைப்பட்டதும் இல்லை.

அர்த்தநாரி முப்பது வருஷம் செயின் டிராக்டர் ஓட்டியவர். சக்கரத்துக்குப் பதிலாக இரும்புச் செயின்மேல் ஊர்ந்து போகிற பழைய காலத்து வண்டி. காடு திருத்தவும் கரை போடவும் அதை வைத்திருந்த காண்ட்ராக்டர், கடைசியில் காயலான் கடைக்குப் போட இருந்தார். அர்த்தநாரி அதை வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து மேஸ்திரியின் கொட்டகையில் இறக்கினார். அவர் மனைவி பாவாத்தாள் இறந்து அப்போது மூன்று மாதம். பிள்ளைகள் கிடையாது.

"ஊட்டுல உக்காந்திருக்க முடியலீங்க," என்றார். "நீங்க சரி பண்ணிக் குடுக்க வேண்டாம். எப்பிடிப் பண்றதுன்னு சொல்லிக் குடுங்க. நானே பண்ணிக்கறேன்."

மேஸ்திரி வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.

"மூணு வருசம் ஆகுமுங்கண்ணா."

"ஆகட்டுங்க. எனக்கு வேறென்ன சோலி?"

அப்படித்தான் தொடங்கியது. காலையில் முதல் பஸ்ஸில் வருவார். பொழுது சாயும்போது போவார். இடையில் இருவரும் பேசியதைச் சேர்த்தால் ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் அர்த்தநாரி கொட்டகை முழுக்கத் தேடினார்.

"பிரஸ் எங்கீங்க மேஸ்திரி?"

பெரிய பட்டறைகளில் ஆள் உயரத்துக்கு பிரஸ் நிற்கும். இறுக்கமான பாகங்களை ஓட்டைக்குள் தள்ளுவதற்கு அதுதான் வழி. பேரிங் என்பது ஓட்டையைவிட ஒரு மயிரிழை பெரியதாகத்தான் இருக்கும். கையால் அழுத்தினால் போகாது. போல்ட்டோ வெல்டிங்கோ இல்லாமல் அந்த இறுக்கத்திலேயே காலமெல்லாம் உட்கார்ந்திருக்க வேண்டிய பொருள் அது.

மேஸ்திரி சுவரைக் காட்டினார். சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாகப் பைப் துண்டுகள் தொங்கின. நடுவில் ஓட்டை போட்ட தடித் தகடுகள் இருந்தன. மூலையில் இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு திருகுக் கம்பி சாய்ந்திருந்தது. ஏதோ ஒரு காலத்தில் வாய்க்கால் மதகைத் தூக்கிய கம்பி.

"இதானுங்க பிரஸ்."

கம்பியை ஓட்டை வழியாக நுழைத்து, இந்தப் பக்கம் ஒரு தகடு, அந்தப் பக்கம் ஒரு தகடு, வெளியே நட். நட்டைக் கால் சுற்று திருகி நிறுத்தினார். குனிந்து நாலு பக்கமும் பார்த்தார். மறுபடி கால் சுற்று. மறுபடி பார்த்தார். பேரிங் வீட்டுக்குள் வரத் தயங்கும் விருந்தாளி மாதிரி மெதுவாக உள்ளே போனது.

அர்த்தநாரிக்குப் பொறுமை போய்விட்டது. "சம்மட்டியில ரெண்டு போடு போட்டாப் போயிருமுங்களே!"

"போயிருமுங்க. கோணையாப் போயிரும்."

"இவ்வளவு டைட்டா இருக்கறதுக்கு பலம் வேண்டாமுங்களா?"

"நேர் வேணுமுங்கண்ணா," என்றார் மேஸ்திரி. அன்றைக்குப் பேச்சு அவ்வளவுதான்.

இரண்டரை வருஷம் போனது. என்ஜின் உயிர் பெற்றது. செயின் கோக்கப்பட்டது. இதற்கிடையில் அர்த்தநாரிக்கு இன்னொரு கல்யாணமும் நடந்தது.

பெண் பெயர் மரகதம். சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது ஐம்பத்தெட்டு. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து தனியாகவே இருந்துவிட்டவர். தெரிந்தவர்கள் யாரோ பேசி முடித்தார்கள். பதிவாளர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு, கோயில் வாசலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். ஊர் நாலு நாள் சிரித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போயிற்று.

நாற்பதாவது நாள் மரகதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாராபுரத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் அர்த்தநாரி மேஸ்திரியிடம் வந்து பொரிந்து தள்ளினார்.

"எடமில்லைங்கறா மேஸ்திரி! மூணு ரூம் ஊடு. ஆளு ரெண்டே பேரு. எடமில்லையாமா!"

"எதைய வெக்க எடமில்லீன்னாங்க?"

"சேலை. பீரோவுல ஒரு தட்டு கேட்டா."

"குடுத்தீங்களா?"

"எப்பிடீங்க குடுக்கறது? அதுல பாவாத்தா சேலை இருக்குதுங்களே."

மேஸ்திரி ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அடுக்களையிலயும் அதே பேச்சு. அவ போசி, பாத்திரம் வெக்க எடமில்லையாமா. பாவாத்தா போசியெல்லாம் வெள்ளிக்கெழமையானா நானே தேய்ச்சு, இருந்த எடத்துலயே கவுத்து வெக்கறேன். அவளுக்கு அதுல ஒரு வேலைகூட நான் வெச்சதில்லை. அப்பறமென்ன?"

"சரிங்க. இப்ப என்ன பண்றதா இருக்கறீங்க?"

அர்த்தநாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். யோசித்து முடிவெடுத்துவிட்ட முகம். "புது ரூமே கட்டீர்றேன். ஊட்டுக்குப் பொறவால முள்ளுக்காடு கெடக்குது. இந்த வண்டி மட்டும் ஓடட்டும், ஒரே நாள்ல தள்ளித் திருத்தீருவேன். அவளுக்குன்னு தனியா ரூமு, தனியா பீரோ."

"சேலை வெக்க எடமில்லீன்னா அதுக்கு புல்டோசருங்களா?"

அர்த்தநாரி சிரிக்கவில்லை. அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து இரண்டு ஆள் வேலையைச் செய்தார். வண்டி ஓடினால் இடம் வரும், இடம் வந்தால் மரகதம் வருவார் என்று நம்பினார். அவர் கணக்கில் தப்பே இல்லை. மனுஷர்கள் மட்டும்தான் அதில் விட்டுப்போயிருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை, மரகதத்திடமிருந்து போன் வந்தது. என்ஜின் சத்தத்தில் அர்த்தநாரிக்குக் காது பாதி போய்விட்டதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். வேலை செய்துகொண்டிருந்த மேஸ்திரிக்கும் எல்லாம் கேட்டது.

"ஏனுங்க, ஓசூர்ல ஒரு ஆஸ்டல்ல வார்டன் வேலை சொல்லியிருக்கறாங்க. ஞாயித்துக்கெழம காத்தால கெளம்பறேன். சொல்லாமப் போனாங்கற பேரு எனக்கு வேண்டாம்."

"வண்டி முடியப் போகுது மரகதம். ஒரே ஒரு பேரிங்குதான் பாக்கி. ரூமு கட்டறதுக்கு—"

"எனக்கு ரூமு எதுக்குங்க?" குரல் தணிந்து வந்தது. "நாப்பது நாளு அந்த ஊட்டுல இருந்தேன். பாக்கற பக்கமெல்லாம் அந்தக்கா. ஒருக்காலாவது அவங்க பேரை எங்கிட்டச் சொன்னீங்களா? நானாக் கேட்டாலும் எந்திரிச்சுப் போயர்றீங்க. அவங்க எப்பிடி இருந்தாங்க, என்ன ஆச்சு, ஒண்ணுந் தெரியாது எனக்கு. யாரோ ஒருத்தர் ஊட்டுல திருட்டுத்தனமா குடியிருக்கற மாதிரி இருந்துதுங்க."

அர்த்தநாரி எழுந்தார். போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டிக்கு அந்தப் பக்கமாகப் போய் நின்றார். மரகதம் சொன்னது சரிதான் என்பதற்கு மேஸ்திரிக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

பாக்கி இருந்தது செயினை ஓட்டுகிற பல்சக்கரப் பெட்டியின் பேரிங். அதன் வெளிவளையத்தைப் பட்டறையில் கப்பு என்பார்கள். கிண்ணத்தின் அடியை வெட்டி எடுத்த மாதிரி, உள்ளங்கை அகலத்தில் இருக்கும். இந்த வண்டியைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. ஏழு மாதம் தேடி, விசாகப்பட்டினத்தில் ஒரு பழைய இரும்புக் கிடங்கிலிருந்து ஒரே ஒரு புதுக் கப்பு கிடைத்திருந்தது. அது போனால் அடுத்தது கிடையாது.

வெள்ளிக்கிழமை மேஸ்திரி பழநிக்கு ஒரு வண்டி பார்க்கக் கிளம்பினார்.

"அண்ணா, பழைய கப்பைத் தேய்ச்சு வைங்க. நாளைக்கு நான் வந்ததும் அதைய வெச்சே புதுசை உக்கார வெச்சர்லாம்."

இது பிரஸ் இல்லாதவர்கள் கண்டுபிடித்த உபாயம். புதுக் கப்பை அழுத்துவதற்கு அதே அகலத்தில், அதே கனத்தில் ஒரு பொருள் வேண்டும். அதற்குப் பொருத்தமான பொருள் அந்த இடத்திலேயே இருந்து தேய்ந்துபோன பழைய கப்புதான். புதியதன் தலைமேல் பழையதை வைத்துத் திருகினால், சரிசமமாக அழுத்தி உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். ஒரே ஒரு காரியம் முன்னால் செய்ய வேண்டும். பழையதன் வெளிச்சுற்றைச் சாணைக் கல்லில் பிடித்து ஒரு மயிரிழை குறைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அதுவும் அதே இறுக்கத்தில் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். குறைத்துவிட்டால் வேலை முடிந்ததும் தளர்வாகக் கையோடு வரும். பட்டறையில் தேய்ப்பது என்றால் அதுதான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மேஸ்திரி திரும்பி வந்தார். அர்த்தநாரி தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் பல்சக்கரப் பெட்டி. அதில் கோத்த திருகுக் கம்பியைக்கூட அவர் இன்னும் கழற்றவில்லை.

மேஸ்திரி கம்பியைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

புதுக் கப்பு நேராக, அச்சு அசலாக, தன் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. அதன்மேல் பழைய கப்பும் போய் உட்கார்ந்திருந்தது. கண்ணாடி மாதிரி பளபளத்தது.

"தேய்ச்சீங்களா?"

"தேய்ச்சனுங்க."

"எதுல?"

"மண்ணெண்ணெய்ல ஊற வெச்சு, துணியில."

மேஸ்திரி விரலை விட்டு வளையத்தின் உள்பக்கத்தைத் தடவினார். துரு இல்லை, கறை இல்லை. வெள்ளிக்கிழமைப் போசி மாதிரி இருந்தது.

"முப்பது வருசம் வண்டியோட இருந்தவரு நீங்க. பட்டறையில தேய்க்கறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க."

"அப்பறம்?"

"கல்லுகிட்டக் கொண்டுபோனனுங்க. மனசு வரலை." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அத்தனை வருசம் பாரம் தாங்குன கப்பு. அதையப் போயி கல்லுல வெச்சு... இப்பிடியே வெச்சா என்ன ஆயிரப்போகுதுன்னு தோணுச்சு."

மேஸ்திரி திட்டவில்லை. திட்டியிருந்தால் அர்த்தநாரிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"பின்னாடியிருந்து அடிச்சுத் தள்ளலாமுங்களா?" என்று கேட்டார் அர்த்தநாரி.

"பின்னாடி இருக்கறது புதுசுங்க. அடிச்சா அது மேலதான் விழுகும்."

"கொக்கி போட்டு இழுத்தா?"

"கொக்கி நுழைய சந்து எங்கிருக்குது?"

"அறுத்து எடுத்தர்லாம்."

"கை வழுக்குனா பெட்டியே போச்சு."

அர்த்தநாரி தலையைப் பிடித்துக்கொண்டார். நாளைக் காலை மரகதம் பஸ் ஏறிவிடுவார். வண்டி நகரப் போவதில்லை, முள்ளுக்காடு அப்படியே கிடக்கப் போகிறது, தானும் அந்த மூன்று ரூம் வீட்டில் மிச்ச காலத்துக்குத் தனியாகக் கிடக்கப் போகிறோம் என்று அவருக்குப் பட்டுவிட்டது. "போச்சுங்க மேஸ்திரி," என்றார். "எல்லாம் போச்சு."

மேஸ்திரி ஒரு சாக்குத் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அடிப்பக்கமாகக் கைவிட்டு, புதுக் கப்பின் உள்புறத்தை முழுக்க மூடினார். பிறகு வெல்டிங் கண்ணாடியை எடுத்துக்கொண்டார்.

"என்னங்க பண்றீங்க? இன்னும் ஒட்ட வெக்கப் போறீங்களா?"

"பழசுமேல மட்டும் ஒரு வரி வெல்டிங் இழுக்கறேன். உள்பக்கமா. எதோடயும் ஒட்டாம."

"சூடு பண்ணுனா பெருசாகுமே? இன்னுமில்ல இறுகிக்கும்!"

"பெருசாகத்தான் பாக்கும். சுத்திலும் பெட்டி புடிச்சிருக்குதுல்லீங்க, அதுக்கு எடம் கெடைக்காது. ஆறும்போது சுருங்கும்."

வெல்டிங் பொறி பறந்தது. அர்த்தநாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பளபளவென்று அவர் துடைத்து வைத்திருந்த உள்பக்கம் முழுக்க, கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, மறுபடி கொஞ்சம் இழுத்து, ஒரு சுற்று நெருப்புக் கோடு போட்டார் மேஸ்திரி. நிறுத்தும்போதெல்லாம் அடியிலிருந்த சாக்கை மறுபடி நனைத்தார். கோடு சிவந்து, பிறகு கறுத்தது. வளையம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"வரலீங்களே?"

"ஆறோணும்."

"தண்ணி ஊத்தட்டுமா?"

"வேண்டாமுங்க. தானா ஆறோணும்."

"எவ்வளவு நேரம்?"

"ஆறுற வரைக்கும்."

மேஸ்திரி ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். செய்வதற்கு ஒன்றுமில்லை. வெளியே சாலையில் ஒரு லாரி போயிற்று. அது போன பிறகு இன்னும் அமைதியாகிவிட்டது. தகரம் வெயிலில் முறுக்கிக்கொள்ளும் சத்தம் மட்டும் மேலே கேட்டது.

"பாவாத்தாக்கா எப்பிடீங்க போனாங்க?"

அர்த்தநாரி எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்கண்ணா," என்றார் மேஸ்திரி. "கப்பு ஆறட்டும்."

அர்த்தநாரி உட்கார்ந்தார். பேசத் தொடங்கியபோது மேஸ்திரியைப் பார்த்துப் பேசவில்லை, அந்தப் பல்சக்கரப் பெட்டியைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஊருல எல்லாத்துக்கும் காத்தால செத்தான்னு சொல்லியிருக்கறனுங்க. காத்தால இல்லை."

மேஸ்திரி மரப்பெட்டியோடு சற்று முன்னால் நகர்ந்துகொண்டார்.

"அன்னைக்கு ஏரிக்கரையில வேலை. பொழுதோட ஊட்டுக்கு வந்தேன். கட்டல்ல செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தா. முந்தின நாளே தலைவலின்னு சொல்லீட்டிருந்தா. சரி, தூங்கறா, எழுப்ப வேண்டாம்னு நானே வட்டல் எடுத்து, சத்தமில்லாம சோறு போட்டுக்கிட்டேன். ஆக்கி மூடி வெச்சிருந்தா. அவ காலடியில தரையில உக்காந்துதான் தின்னேன். ரெண்டாந்தரமும் போட்டுத் தின்னனுங்க, ரசம் ஊத்தி. வட்டலைக் கழுவிக் கவுத்தீட்டுப் படுத்துட்டேன். விடிஞ்சு, இன்னும் எந்திரிக்கலையேன்னு தொட்டேன்."

அவர் கையை ஒருமுறை விரித்து மூடினார்.

"டாக்டரு சொன்னாரு, நேத்து மத்தியானமே போயிருச்சுன்னு. அப்பன்னா நான் ஊட்டுக்குள்ள வரும்போதே அவ இல்லீங்க. பக்கத்துல அவ அப்பிடிக் கெடக்கறா, நான் ரெண்டாந்தரம் சோறு போட்டுத் தின்னிருக்கறேன். எந்த மனுசன் பண்ணுவான் இதைய? யாருகிட்டச் சொல்றது? அந்தப் போசிகளைத் தேய்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான். அது அத்தனையும் அவ கடைசியா ஆக்குன போசிங்க."

சொல்லி முடித்துவிட்டு, திட்டு வாங்கத் தயாராக இருக்கிறவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார்.

மேஸ்திரி கேட்டார்: "ரசம் எப்பிடி இருந்துதுங்க?"

அர்த்தநாரி சட்டென்று நிமிர்ந்தார். கேலி பண்ணுகிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தார். அங்கே கேலி இல்லை. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவரின் முகம்தான் இருந்தது.

"நல்லா இருந்துதுங்க," என்றார். "மொளகு சித்த தூக்கலா. எனக்குன்னா அப்பிடித்தான் வெப்பா. அவளுக்கு அந்தக் காரம் ஆகவே ஆகாது. இருந்தாலும்... எனக்குன்னா அப்பிடித்தான்."

பிறகு அவர் அழுதார். பாவாத்தாளை எரித்த அன்று அவர் அழவில்லை. ஊரில் அதையும் பேசிக்கொண்டார்கள். மூன்று வருஷத்து அழுகை ஒரு தகரக் கொட்டகையில், கிரீஸ் கறை படிந்த இரண்டு கைகளுக்குள் வந்தது. மேஸ்திரி தேற்றவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை, வேறு பக்கம் பார்க்கவுமில்லை. அந்தக் கொட்டகையில் மேஸ்திரியின் கண்ணெதிரே யாரும் அழுததில்லை. அவரும் தனியாகத்தான் அழுதிருக்கிறார். எதிரில் ஒருவர் அழும்போது கூட உட்கார்ந்திருப்பது அவருக்கும் புதிதாகத்தான் இருந்தது.

மேஜைமேலிருந்து டிக் என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. அர்த்தநாரியின் காதுக்கு அது எட்டவில்லை. மேஸ்திரி எழுந்துபோய்ப் பெட்டியில் கையை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொட்டுப் பார்த்தார்.

"வாங்கண்ணா. எடுங்க."

"எதுலீங்க எடுக்கறது?"

"கையில."

அர்த்தநாரி இரண்டு விரலை உள்ளே விட்டார். இளஞ்சூடாக இருந்தது. தூக்கினார். திருகுக் கம்பி முழு பலத்தோடு இறக்கியிருந்த வளையம், டப்பா மூடி மாதிரி மேலே வந்துவிட்டது.

மேஸ்திரி அடியிலிருந்த ஈரச் சாக்கை உருவினார். புதுக் கப்பைத் துடைத்து, விரலால் சுற்றிலும் தடவினார். வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தார். விரல் நகத்தால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். நேராக, ஆடாமல், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"புதுசுக்கு ஒண்ணும் ஆகலை."

அர்த்தநாரி பழைய வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்பக்கம் முழுக்கக் கறுத்த தழும்பு ஓடியிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டார். திடீரென்று அவருக்கு ஒரு வேகம் வந்துவிட்டது.

"புரிஞ்சு போச்சுங்க மேஸ்திரி. இப்பவே ஊட்டுக்குப் போறேன். அவ சேலை, போசி, கட்டல், பூராத்தையும் அள்ளி வெளிய எறிஞ்சர்றேன். ஒண்ணு இருக்கக் கூடாது. ஊட்டைக் காலி பண்ணீட்டு அப்பறம் மரகதத்தைக் கூப்புடறேன்."

அந்த வளையத்தையும் அதே வேகத்தில், மூலையிலிருந்த பழைய இரும்புக் குவியலில் எறியக் கையை ஓங்கினார்.

"ஏனுங்கண்ணா," என்றார் மேஸ்திரி. "உள்ள இருக்கற புதுசை அந்த எடத்துக்குக் கொண்டுபோயி உக்கார வெச்சது எதுங்க?"

ஓங்கிய கை அப்படியே நின்றது.

அர்த்தநாரி பெட்டிக்குள் பார்த்தார். கையிலிருந்ததைப் பார்த்தார். கை மெல்ல இறங்கியது. வளையத்தை மேஜைமேல், சத்தம் வராமல் வைத்தார். பிறகு மரப்பெட்டியில் உட்கார்ந்துகொண்டார். மேஸ்திரி கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துச் சுவரில் மாட்டினார். கம்பியை மூலையில் சாய்த்தார். அது முடிந்ததும் அர்த்தநாரி கேட்டார்.

"தாராபுரத்துக்கு எத்தனை மணிக்குங்க பஸ்ஸு?"

"ரெண்டேகாலுக்கு ஒண்ணு இருக்குதுங்க."

அர்த்தநாரி குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். சோப்புப் போட்டு மறுபடி கழுவினார். சட்டைப் பித்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனார். அங்கே போய் நின்றுவிட்டார். செயின் வண்டியில் மலையைச் சரித்த மனுஷன், ஒரு பஸ் ஏறுவதற்குத் தயங்கினார்.

"மரகதத்துகிட்டப் போயி என்னன்னுங்க மேஸ்திரி சொல்றது?"

"இப்ப எங்கிட்டச் சொன்னீங்களே. அதைய."

"அந்த ரசத்தையுமா?"

"அதையத்தானுங்கண்ணா மொதல்ல."